ஏளனக் கேள்வியும் எள்ளல் விடையும்

புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணற்பரப்பே கற்பிட்டிக் குடாநாடு. அங்குள்ள பழைய ஊருக்குச் செல்பவர்கள், ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பாராமல் திரும்புவதில்லை. ஆனால் கோட்டையைப் பார்ப்பவர்களுள் மிகச் சிலரே, அவ்வூரில் 1807ஆம் ஆண்டிற் பிறந்து, தமிழ் மக்களைப் பற்றிப் பிற மொழியாருக்கு எடுத்துரைத்த பேரறிஞர் ஒருவரை நினைவுகூர்கின்றனர். அவரே சைமன் காசிச்செட்டி அவர்கள்.

ஓர் இனத்தாரைப் பார்த்து மற்றோர் இனத்தார், "நீங்கள் யார்? ஏன் இவ்வாறு உடுக்கிறீர்கள்? ஏன் இவ்வாறு மணம் செய்கிறீர்கள்?" என்று கேட்பது உலகில் என்றும் உள்ள வழக்கம். கேட்பவர் அறிய விரும்பியும் கேட்கலாம். இழித்துரைக்க விரும்பியும் கேட்கலாம். எவ்வாறாயினும், கேட்கப்பட்ட இனத்திலிருந்து யாரேனும் ஒருவர் எழுந்து விடை கூற வேண்டியதாகிறது. காசிச்செட்டியவர்கள் அதனையே தமது வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1834ஆம் ஆண்டில், தமது 27ஆம் வயதில், இலங்கையின் ஊர்களையும் அவற்றில் வாழும் மக்களையும் அகரவரிசையில் விளக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். பரவர் குலத்தாரின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1837ஆம் ஆண்டில் அரச ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை அவர் 1859ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக்கியபோது, அதற்குத் 'தமிழ்ப் புளூட்டாக்' என்று பெயரிட்டார். புளூட்டாக் என்பவர் பெரியோர் சரிதங்களை எழுதிய பண்டைக் கிரேக்கர். தமிழருக்கும் புலவர்கள் உண்டு என்பதை ஆங்கிலேயர் நம்புவதற்கு, ஒரு கிரேக்கரின் பெயரைச் சாட்சியாக நூலின் முகப்பில் நிறுத்த வேண்டியிருந்தது போலும்.

அவருடைய எழுத்தில் நிதானம் உண்டு. தகவல் நிரம்ப உண்டு. சிரிப்பு மட்டும் இல்லை. இருந்திருக்கவும் இயலாது. அக்காலத்திற் கேள்வி கேட்பவர் துரை. விடை கூறுபவர் முதலியார். காசிச்செட்டியவர்கள் அரசாங்க சேவையில் இருந்தவர். தம்மைவிட உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பவருக்கு விடை கூறும் ஒருவர், கேள்வியிலேயே பிழை இருக்கிறது என்று சொல்லிச் சிரிக்க முடியாது.

அவ்வாறு சிரித்து விடை கூறிய ஒரு பத்திரிகைப் பத்தியைப் பற்றியதே இப்பேச்சு. அது தோன்றியது கற்பிட்டியில் அன்று. கசற்றியர் வெளிவந்து சரியாக 170 ஆண்டுகளுக்குப் பின்னர், உலகத்தின் மறுகோடியில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். அது பேசியது மெக்சிக்கோ நாட்டு மக்களின் பண்பாட்டைப் பற்றி. மெக்சிக்கோ எங்கே, கற்பிட்டி எங்கே என்று நேயர்கள் வியக்க வேண்டியதில்லை. கற்பிட்டி மணலிற் கிணற்று நீர் இறைத்து வளர்க்கப்படும் மிளகாயின் பூர்வீகம் மெக்சிக்கோப் பக்கமே. இலங்கையின் கறுவாவை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் மெக்சிக்கோ முன்னிற்பது. அடுக்களை வழியாக இரண்டு நாடுகளும் நெடுநாட் சம்பந்திகள்.

கலிபோர்னியாவின் தென்பகுதியில் ஒறேஞ்சு மாவட்டம் என ஒன்று உண்டு. செல்வமும் பழமைப் பற்றும் மிக்க வெள்ளையர் வாழும் இடம் என்று பெயர் பெற்றது. ஆயினும் அங்கே தோட்டம் துப்புரவு செய்வோர், உணவுச்சாலைகளிற் சமைப்போர், வீடு கட்டுவோர் ஆகியோருட் பெரும்பகுதியினர் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் மக்கள். கலிபோர்னியாவே ஒருகாலத்தில் மெக்சிக்கோவின் பகுதியாக இருந்ததுதான். 1848ஆம் ஆண்டில் முடிந்த போரின் பின்னர் அமெரிக்காவின் வசமாயிற்று. ஆகவே சிலரைப் பொறுத்தவரையில், அவர்கள் எல்லையைக் கடந்து வரவில்லை. எல்லையே அவர்களைக் கடந்து சென்றது. இந்நிலையில், 1994ஆம் ஆண்டில், அனுமதியின்றிக் குடியேறியவர்களுக்கு அரசாங்கப் பாடசாலை, வைத்தியம் முதலிய உதவிகளை மறுக்கும் சட்டமொன்றை அம்மாநில வாக்காளர் நிறைவேற்றினர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து வாயிலில் மறிக்கும் சட்டம் அது. நீதிமன்றம் தலையிட்டு அது நடைமுறைக்கு வராமற் செய்தது. சட்டம் நின்றுபோயிற்று, அதற்கு வாக்களித்தவர்களின் மனக்கசப்பு நிற்கவில்லை.

அம்மாவட்டத்தில் 'ஓ.சி. வீக்லி' என்னும் வார இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. அதிற் பணியாற்றிய இளைஞர் குஸ்தாவோ அரெய்யானோ, 1979ஆம் ஆண்டில் அங்கேயே பிறந்தவர். அவர் தந்தையார் மெக்சிக்கோவிலிருந்து, ஒரு மோட்டார் வண்டியின் பின்பெட்டிக்குள் ஒளிந்து எல்லை கடந்து வந்தவர். இதனை மகன் ஒருபோதும் மறைத்ததில்லை. எழுத்திற் பலமுறை தாமாகவே எடுத்துச் சொன்னார். இலத்தீன் அமெரிக்கா பற்றிய கற்கைநெறியில் முதுமாணிப் பட்டமும் பெற்றவர்.

2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாள், இதழாசிரியர் வில் சுவெய்ம் வண்டியிற் செல்லும்போது, ஸ்பானிய மொழி வானொலி ஒன்றின் விளம்பரப் பலகையைக் கண்டார். அதில் ஓர் அறிவிப்பாளர், கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்து, மாறுகண் காட்டி நின்றார். மெக்சிக்கோக்காரரைப் பற்றி இவரிடம் எதைக் கேட்டாலும் விடை கிடைக்கும் போலிருக்கிறதே என்று ஆசிரியருக்குத் தோன்றியது. அலுவலகம் வந்து, கேள்வி-பதிற் பத்தி ஒன்று எழுதும்படி அரெய்யானோவிடம் கூறினார். ஒருமுறை வேடிக்கையாகப் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்பதே எண்ணம். கேள்வி எதுவும் வந்திராதபடியால், முதற் கேள்வியையும் அவரே எழுதிக்கொண்டார். பத்தியின் பெயர், 'மெக்சிக்கோக்காரரைக் கேளுங்கள்' எனப் பொருள்படும். தலைப்பின் அருகே, அகன்ற தொப்பியும் அடர்ந்த மீசையும் தங்கப் பல்லுமாக ஒரு கேலிச் சித்திரம். வெள்ளையர் மனத்தில் மெக்சிக்கோக்காரர் எவ்வாறு தோன்றுவாரோ அவ்வாறே அது வரையப்பட்டிருந்தது.

அந்த முதற் கேள்வி, மெக்சிக்கோக்காரர் வெள்ளையரை ஏன் 'கிரிங்கோ' என்று அழைக்கிறார்கள் என்பது. விடை: அவ்வாறு அழைப்பவர்கள் வெள்ளையர்களே, மெக்சிக்கோக்காரர் அவர்களைக் 'கபாச்சோ' என்பர். கேட்டவர் தம்மை ஏசும் சொல் எதுவென்று கூடத் தெரியாமலே கோபித்துக்கொண்டிருந்தார் என்பது இதிலிருந்து விளங்குகிறது. 'கபாச்சோ' என்பதும் சுவையான வரலாறு உடைய சொல். ஸ்பெயின் நாட்டார் முதலில் அண்டை நாட்டுப் பிரெஞ்சுக்காரரை இகழவே அதனை வழங்கினர்; கடல் கடந்து மெக்சிக்கோ சென்றபின் அது அமெரிக்க வெள்ளையரைக் குறிக்கலாயிற்று. தமிழிலும் இதற்கு ஒரு சகோதரச் சொல் உண்டு. பிரெஞ்சு நாட்டிற்குப் பெயர் தந்த பிராங்கர் என்னும் கூட்டத்தாரின் பெயரே அரபு வழியாகத் திரிந்து இங்கே 'பறங்கி' ஆயிற்று. அது போர்த்துக்கேயரைக் குறித்தது. பின்னர் அவர் வழிவந்தோரையும் குறித்தது. தமிழகத்தில் ஒரு காய்க்கும் அப்பெயர் வாய்த்தது; அந்தக் காயின் இனமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். பிரெஞ்சுக்காரர் பாவம், இரண்டு பெருங்கடல்களிலும் பிறருக்காக ஏச்சு வாங்கியிருக்கின்றனர்.

பத்தி அச்சானதும் கடிதங்கள் குவிந்தன. சித்திரம் மெக்சிக்கோ மக்களை இழிவுபடுத்துகிறது என்று சிலர் சினந்தனர். வெள்ளையரைக் 'கபாச்சோ' என்பதா என்று வேறு சிலர் சினந்தனர். அவற்றோடு மெய்யான கேள்விகளும் வந்தன. நிறுத்த நினைத்த பத்தி வாராவாரம் தொடர்ந்தது.

வந்த கேள்விகளுள் ஒன்று கற்பிட்டிக் கரையில் நிற்பவருக்கு நன்கு விளங்கும். மெக்சிக்கோக்காரர் கடலிற் குளிக்கும்போது ஏன் உடுத்த துணியோடு இறங்குகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் ஏளனம் தெரிகிறது. இவர்களுக்கு நீச்சலுடை வாங்கவும் வகையில்லை, நாகரிகமும் தெரியவில்லை என்பது அதன் உட்பொருள். அரெய்யானோ தம் மக்களின் வறுமையைச் சொல்லி இரங்கவில்லை. அவர்களுடைய பண்பாட்டைப் பற்றி விரிவுரையும் ஆற்றவில்லை. தொங்கும் வயிற்றையும் மற்றவற்றையும் ஊரார் கண்ணுக்கு விருந்தாக வைக்காதிருப்பது மெக்சிக்கோக்காரர் பிறருக்குக் காட்டும் மரியாதை. வெள்ளையருக்கு அந்த மரியாதை இல்லை என்ற கருத்துப்பட எழுதினார்.

இக்காலத்திற் கற்பிட்டிக் களப்பிலே காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீரிற் சறுக்கி விளையாட மேல்நாட்டார் பலர் வருகின்றனர். அவர்கள் இடையில் ஒரு முழத் துணியோடு திரிகையில், உள்ளூர்ப் பெண்கள் முழுக்க உடுத்தவாறே கரையில் இறங்கிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவர். இருதிறத்தாரும் ஒருவரையொருவர் கடைக்கண்ணாற் பார்த்து வியப்பது இயல்பே. கலிபோர்னியாவில் கேட்கப்பட்ட கேள்வியை இங்கே ஒருவர் கேட்டால், கற்பிட்டியார் எந்தப் பக்கத்தில் நிற்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமக்கு இயல்பானதே உலகத்திற்கு இயல்பு என்று நினைத்துக் கேட்பவரிடம், அந்த இயல்பும் ஓர் ஊர்வழக்கமே என்று காட்டிவிடுவதுதான் அரெய்யானோவின் முறை. ஏளனக் கேள்விக்குப் பணிவோடு விளக்கம் கூறினால், அக்கேள்விக்கு இல்லாத கண்ணியம் ஒன்று வந்துவிடுகிறது. விடை கூறுபவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார். சினந்து கூறினாலோ, கேட்டவர் எதிர்பார்த்தது அதுவே. நகைத்துக் கூறும்போதுதான் கேட்டவரும் ஒருகணம் தம்மை வெளியிலிருந்து பார்க்க நேரிடுகிறது.

ஆனால் வெறும் நகைப்பாக மட்டும் இருந்திருந்தால் அப்பத்தி ஆறு மாதத்திற் சலித்துப்போயிருக்கும். ஒவ்வொரு விடையின் கீழும் படிப்பு இருந்தது. ஒரு சொல்லின் பிறப்பு, 1942 முதல் 1964 வரை அமெரிக்க அரசாங்கமே மெக்சிக்கோவிலிருந்து தோட்டத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் வரவழைத்த வரலாறு, குடித்தொகைக் கணக்கு, பழைய பாட்டுகள், உணவு வகைகள் எனப் பலவும் கேலியோடு கலந்து வந்தன. குடியேறியவர்களைப் பற்றிக் குறைகூறி எழுதுபவர்களுக்கு அவர் அடிக்கடி நினைவூட்டியது ஒன்று. ஐரிஷ்காரர் வந்தபோதும், இத்தாலியர் வந்தபோதும், யேர்மானியர் வந்தபோதும் இதே குறைகள் இதே சொற்களிற் கூறப்பட்டன; இன்று குறைகூறுபவர் அவர்களுடைய பேரப்பிள்ளைகளே என்பது. காசிச்செட்டியவர்கள் அகரவரிசையிற் சேர்த்து வைத்தது போன்ற தகவல்களையே இவரும் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அவற்றைத் தட்டில் வைத்துப் பணிந்து நீட்டாமல், கேட்டவர் மீது வீசினார். நகரத்து அயலவர்கள் இருவரும் சட்டத்தின் முன் சமமானவர்கள் என்ற நிலை ஓரளவேனும் இருந்தபடியாலேயே அவ்வாறு வீச முடிந்தது.

பத்தி நாடெங்கும் பரவியது. ஏறக்குறைய 40 பத்திரிகைகள் அதனை வாங்கி வெளியிட்டன. 2007ஆம் ஆண்டில் நூலாகவும் வந்தது. அமெரிக்காவில் மெக்சிக்கோ உணவு பரவிய கதையை 2012ஆம் ஆண்டில் அவர் தனி நூலாக எழுதினார்.

குறை கூறியவர்களின் குரலையும் புறக்கணிக்கலாகாது. அவ்வெழுத்தில் இழிசொற்கள் மலிந்திருந்தன. குடும்பத்தார் முன் உரக்கப் படிக்கத் தகாத பகுதிகள் பல. அதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. மீசையும் தொப்பியுமான அந்தச் சித்திரத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேலி யார்மேல் என்பதை உணர்வார்களா? மெக்சிக்கோக்காரரை இகழ்பவர் ஒருவர் அதனைப் பார்த்து, "பாருங்கள், அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்" என்று மகிழமாட்டாரா? இந்த ஆட்சேபத்திற்கு முழுமையான சமாதானம் இல்லை. அங்கதம் எழுதுபவர் எவரும் தமது வாசகரைத் தாமே தெரிந்தெடுக்க இயலாது. ஆயினும் அரெய்யானோ தம்மவரையும் விட்டுவைக்கவில்லை என்பதைக் கணக்கிற் கொள்ள வேண்டும். மெக்சிக்கோக்காரர் தமக்குள் நிறம் பார்ப்பதையும், முன்னர் வந்து நிலைபெற்றவர் பின்னர் வருபவரைப் பழிப்பதையும் அவர் அதே கூர்மையோடு குத்தினார்.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு எது என்று தேடினால், 'சிரித்திரன்' சஞ்சிகை நினைவுக்கு வருகிறது. 1924ஆம் ஆண்டிற் பிறந்த ஓவியர் சிவஞானசுந்தரம் அவர்கள் 1964ஆம் ஆண்டிற் கொழும்பில் அதனைத் தொடங்கினார். அவர் படைத்த சவாரித்தம்பர், தமது மாட்டுவண்டிச் சவாரியும் ஊர்ப்பெருமையுமாக ஈழத் தமிழர் வீடுகளில் உறவினரைப் போல வாழ்ந்தவர். 'மகுடி' என்னும் பெயரில் அவரே வாசகர் கேள்விகளுக்கு விடை எழுதினார். பெயர் பொருத்தமானது, மகுடி ஊதினாற் புற்றுக்குள் இருப்பது வெளியே வரும். சீதனம், உத்தியோக மோகம், ஆங்கிலம் கலந்து பேசும் போலிப் பெருமை ஆகியவை யாவும் அவ்விடைகளிற் படம் எடுத்து ஆடின. 1996ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை அவருடைய நகைப்பிற்குக் கூர்மை குறையவில்லை.

எனினும் இரண்டு பத்திகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மகுடியிடம் கேட்டவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள். தமிழர் கேட்டனர், தமிழர் விடை கூறினர், தமிழர் சிரித்தனர். அரெய்யானோவிடம் கேட்டவர்களோ, பெரும்பாலும் வேலிக்கு அப்பால் நின்றவர்கள். அயலவர் நேரிற் கேட்கக் கூசுகிற கேள்விகளை அச்சிற் கேட்டு, அச்சிலேயே விடை பெறுவதற்கான ஓர் இடம் தமிழிற் சரியாக அமையவில்லை. காசிச்செட்டியவர்கள் 1841ஆம் ஆண்டில் 'உதயாதித்தன்' என்னும் தமிழ்ச் சஞ்சிகையைத் தொடங்கினார். இலங்கையில் தமிழ்ச் சஞ்சிகைகளின் தொடக்கம் அதுவே என்பர். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

கேட்கக் கூசுகிற கேள்விகள் கற்பிட்டியிற் குறைவு என்று எண்ணிவிடலாகாது. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர், விடுதலைப் புலிகளின் கட்டளையால், சில நாட்களுக்குள், சிலர் சில மணி நேரத்திற்குள், வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை வந்தடைந்தனர். கரையில் இருந்தவர்கள் சோறு கொடுத்தனர். பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் தோட்டக் காணியிலும் இடம் கொடுத்தனர். வந்தவரும் இருந்தவரும் ஒரே மொழி பேசுபவர். ஒரே திசை நோக்கித் தொழுபவர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, பாடசாலையில் இடம், அரசாங்க உத்தியோகம், காணி, குடிநீர் ஆகியவற்றுக்கு இருசாராரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அப்போது பேச்சின் ஓசையிலும் திருமணச் சீரிலும் சமையலிலும் வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. 'அகதி' என்ற சொல், படகிலிருந்து இறங்கியவரோடு நில்லாமல், புத்தளம் மண்ணிலேயே பிறந்த அவருடைய பிள்ளைமேலும் ஒட்டிக்கொண்டது. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். சிலர் இங்கேயே தங்கினர். சிலர் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு காலை வைத்திருக்கின்றனர்.

இத்தகைய இடத்திற் கேள்விகள் எழாமல் இரா. "இவர்கள் ஏன் இன்னும் திரும்பிப் போகவில்லை?" என்று ஒருசாரார் கேட்பர். "இவர்கள் ஏன் நம்மை இன்னும் விருந்தாளி என்கிறார்கள்?" என்று மற்றவர் கேட்பர். அவை தேநீர்க்கடை வாங்கிலும் கிணற்றடியிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும், கேட்கப்பட வேண்டியவர் இல்லாத வேளை பார்த்துக் கேட்கப்படுகிற வகையைச் சேர்ந்தவை. எனவே அவற்றுக்கு விடை கூறுபவரும் கேட்டவரின் பக்கத்தவராகவே இருப்பார். கேள்வி மேலும் கூர்மையாகி வீடு திரும்பும்.

ஓ.சி. வீக்லியின் ஆசிரியராக உயர்ந்திருந்த அரெய்யானோ, உடன் பணியாற்றுவோரிற் பாதிப்பேரை நீக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, அதற்கு உடன்படாமல் 2017ஆம் ஆண்டிற் பதவி விலகினார். பத்தியும் அவ்வாண்டோடு முடிந்தது. இதழும் 2019ஆம் ஆண்டில் நின்றது. அதன் பின் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பெரிய நாளிதழில் எழுதலானார்.

மன்னாரிலிருந்து படகில் வந்தவரின் மகன், 1995ஆம் ஆண்டிற் கற்பிட்டியிற் பிறந்தவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்று யாரேனும் அவனைக் கேட்கிறார்கள். காசிச்செட்டியவர்களிடம் இக்கேள்வி சென்றிருந்தால், அவர் கற்பிட்டிக்கு வந்து குடியேறிய ஒவ்வொரு கூட்டத்தாரையும், செட்டிகளையும் முக்குவரையும் சோனகரையும் ஒல்லாந்தரையும், ஆண்டு குறித்து அகரவரிசையில் எழுதி, கடைசியில் மன்னார்ப் படகையும் சேர்த்திருப்பார். அரெய்யானோவிடம் சென்றிருந்தால், அவர் முதலில், கேட்டவருடைய பாட்டனார் எந்தப் படகில் வந்தார் என்று விசாரித்திருப்பார்.